இடுப்புத்தள வலை அறுவை

கருப்பை இறக்கத்துக்கும், இருமினாலோ தும்மினாலோ சிறுநீர் கசிவதற்கும் பாலிப்ரொப்பிலீன் இழையாலான வலையை உடலுக்குள் வைத்துத் தாங்கல் கொடுக்கும் சிகிச்சை. பலருக்கு இது பயன் தந்தது. சிலருக்கோ வலை பிறப்புறுப்புச் சுவரை அரித்து வெளியே நீட்டிக்கொண்டது. தீராத இடுப்புவலி, இரத்தக்கசிவு, தொற்று, உடலுறவில் வேதனை ஆகியவை தொடர்ந்தன. வலையின் கண்களுக்குள் திசு வளர்ந்து பிணைந்துவிடுவதால் அதை முழுதாக எடுப்பது மிகக் கடினம்.

வலியைவிடக் கொடியது, சொன்னதை மருத்துவர்கள் நம்பாதது. ‘எல்லாம் மனப்பிரமை’, ‘வயதானால் இப்படித்தான்’ என்று பெண்கள் திருப்பி அனுப்பப்பட்டதை இங்கிலாந்தில் ஜூலியா கம்பர்லெஜ் தலைமையிலான ஆய்வுக்குழு 2020இல் பதிவுசெய்தது. இறக்கத்துக்காகப் பிறப்புறுப்பு வழியே வைக்கும் வலைகளின் விற்பனையை அமெரிக்கா 2019 ஏப்ரலில் நிறுத்தியது. அதே ஆண்டு நவம்பரில் ஆஸ்திரேலியக் கூட்டாட்சி நீதிமன்றம் வலை தயாரித்த ஜான்சன் அண்ட் ஜான்சன் நிறுவனத்துக்கு எதிராகத் தீர்ப்பளித்தது.

தமிழ்நாட்டுக் கிராமங்களில் ‘அடி இறங்குதல்’ எனப்படும் கருப்பை இறக்கத்தைப் பெண்கள் கூச்சத்தால் ஆண்டுக்கணக்கில் மறைக்கிறார்கள். பிரசவமான சில நாளிலேயே சுமை தூக்குவது இதற்கு ஒரு காரணம். தருமபுரி மாவட்டத்துக் காரிமங்கலம் போன்ற வேளாண் ஊர்களில் இதை வெளிப்படையாகப் பேசுவது அவசியம். இடுப்புத்தளத் தசைப் பயிற்சி, இறங்கும் உறுப்பைத் தாங்கும் பெசரி வளையம், சொந்தத் திசுவாலேயே தைக்கும் அறுவை என மாற்றுவழிகள் உண்டு. அறுவைக்கு ஒப்புமுன் வலை வைப்பார்களா என்று கேளுங்கள். வைத்தால் அதன் பெயரை எழுதி வாங்குங்கள். பின்விளைவு தோன்றினால் 1800-180-3024 என்ற கட்டணமில்லா எண்ணில் தெரிவிக்கலாம்.