லென்ஸை விட்டு விலகிய கை: கொங்கு நாட்டில் ஃபோகஸ் இயக்கத்தின் வரலாறு

தமிழ்த் திரைப்பட வரலாறு எழுதுவோர் ஒளிப்பதிவாளர் வரை வந்து நின்றுவிடுகிறார்கள். கேமராவின் பக்கத்தில் நின்று, நடிகர் ஓரடி முன்னே வந்தால் அதற்கேற்ப லென்ஸ் வளையத்தைத் திருப்பிய உதவியாளரை, அதாவது ஃபோகஸ் புல்லரைப் பற்றி எழுதியவர்கள் மிகக் குறைவு. அந்த வேலையை இன்று கம்பியில்லாக் கருவியைக் கையில் வைத்துக்கொண்டு, சில மீட்டர் தள்ளி நின்று செய்கிறார்கள். லென்ஸிலிருந்து கை விலகிய இந்த வரலாற்றில் கோவைக்கும் ஒரு பங்கு உண்டு.

கோவை அருகே கலங்கலில் 1893-இல் பிறந்த ஜி.டி. நாயுடுவை மோட்டார், பேருந்து, சவர பிளேடு ஆகியவற்றோடுதான் பெரும்பாலோர் நினைவுகூர்கிறார்கள். அவர் திரைப்படக் கேமராவைக் கையாளத் தெரிந்தவர். 1936 ஜனவரியில் லண்டனில் நடந்த ஐந்தாம் ஜார்ஜ் மன்னரின் இறுதி ஊர்வலத்தைத் தாமே படம்பிடித்தார். அவருடைய கண்டுபிடிப்புகளின் பட்டியலில் திரைப்படக் கேமராவுக்கான தூரச் சரிசெய்கருவி ஒன்றும் இருக்கிறது. பழச்சாறு பிழியும் கருவிக்கும் மண்ணெண்ணெய் மின்விசிறிக்கும் நடுவே அதையும் ஒரு விநோதப் பொருளாகக் கடந்துபோவது சரியல்ல. லென்ஸ் வளையத்தில் பொறித்திருப்பது தூரம்தான். ஃபோகஸ் கலையின் அடிப்படைச் சிக்கலும் தூரம்தான். படம்பிடித்துப் பழகிய ஒரு பொறியாளரின் கவனம் அங்கே சென்றது இயல்பு.

அதே 1930-களில் கோவையில் சென்ட்ரல் ஸ்டூடியோ எழுந்தது. ‘ஹரிதாஸ்’ (1944), ‘ராஜகுமாரி’ (1947) ஆகியவை அங்கே உருவானவை. ஸ்ரீராமுலு நாயுடுவின் பக்ஷிராஜா நிறுவனம் ‘மலைக்கள்ளன்’ (1954) எடுத்து, அடுத்த ஆண்டே அதை இந்தியில் ‘ஆசாத்’ ஆக்கியது. அக்காலத்து ஸ்டூடியோ கேமராக்கள் பலவற்றில் படம் ஓடும்போது லென்ஸ் வழியே பார்க்க முடியாது. சுழலும் கண்ணாடியின் உதவியால் அதைச் சாத்தியமாக்கிய ஆரிஃபிளெக்ஸ் 35 கேமரா 1937-இல்தான் வந்தது. அதனால் டேப் பிடித்து அளப்பது, தரையில் சாக்பீஸால் மார்க் போடுவது, ஒத்திகையில் நடிகரின் நடையை மனத்தில் வாங்கிக்கொள்வது ஆகியவையே ஃபோகஸ் புல்லரின் முழு ஆயுதங்கள்.

ஸ்டூடியோக்கள் மூடிய பின் கொங்கு நாடு வெளிப்புறப் படப்பிடிப்புக் களமாக மாறியது. பொள்ளாச்சி, கோபிசெட்டிபாளையம் பகுதிகளின் வாய்க்கால் கரைகளும் தென்னந்தோப்புகளும் திரையில் நிறைந்தன. ‘தேவர் மகன்’ (1992) பொள்ளாச்சி வட்டாரத்தில் எடுத்த படம். வரப்பில் டிராலி தண்டவாளம் போடுவது பெரும்பாடு. காரெட் பிரவுன் உருவாக்கி 1976-இல் திரைக்கு வந்த, உடலில் மாட்டிக்கொள்ளும் ஸ்டெடிகேம் அந்தத் தடையை உடைத்தது. ஆனால் சமநிலையில் மிதக்கும் கேமராவில் இன்னொருவர் கைவைத்தால் சட்டகம் ஆடிவிடும். லென்ஸுக்கு மோட்டாரும் அந்த மோட்டாருக்கு ரேடியோவும் தேவைப்பட்டது இதனால்தான்.

இந்தக் கம்பியில்லா ஃபோகஸ் அமைப்பில் மூன்று உறுப்புகள்: புல்லரின் கையில் திருகு உள்ள ஹேண்ட் யூனிட், கேமராவில் ரிசீவர், லென்ஸின் பல்வளையத்தைக் கடிக்கும் மோட்டார். சினிமா லென்ஸ்களின் பல்வளையம் 0.8 மாட்யூல் அளவில் தரப்படுத்தப்பட்டிருப்பதால் ஒரே மோட்டார் பல லென்ஸ்களுக்குப் பொருந்துகிறது. இயக்கியதும் மோட்டார் வளையத்தை இரு எல்லைக்கும் ஓட்டிப் பார்த்து அளவைப் பதிந்துகொள்ளும். புகைப்பட லென்ஸ்கள் பலவற்றில் வளையம் முட்டி நிற்கும் எல்லையே கிடையாது. அவற்றுக்கு நாமே எல்லை குறித்துத் தரவேண்டும். பழைய, இறுகிய லென்ஸுக்கு மோட்டாரின் விசையைக் கூட்டவேண்டும். மெல்லிய லென்ஸுக்கு அதே விசை சேதம் விளைவிக்கும்.

பல கருவிகள் 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் இயங்குகின்றன. இந்தியாவில் குறைந்த திறன் கருவிகளுக்கு இதில் உரிமம் தேவையில்லை என்ற விதி 2005-இல் வந்தது. வைஃபையும் இதே அலைவரிசையில்தான் புழங்குகிறது. மனித உடலும் இந்த அலையை உறிஞ்சும். ஆகவே கூட்டக் காட்சியில் புல்லர் கேமராவை நேராகப் பார்க்கும்படி நிற்பதும் மாற்றுச் சேனலைத் தயாராக வைப்பதும் அவசியம்.

85 மி.மீ. லென்ஸை எஃப்/2 திறப்பில் வைத்து 3 மீட்டர் தொலைவில் ஒரு முகத்தைப் பிடித்தால், 35 மி.மீ. சட்டகத்தில் கூர்மை நிற்கும் ஆழம் ஏறத்தாழ 12 செ.மீ. மட்டுமே. நடிகர் சற்றே சாய்ந்தாலும் கண் மங்கலாகிவிடும். மானிட்டரைப் பார்த்தே திருத்திக்கொள்ளலாம் என்ற இன்றைய பழக்கத்தை நான் ஏற்கவில்லை. மானிட்டரில் மங்கல் தெரியும்போது அது பதிவாகிவிட்டிருக்கும். தூரத்தை முன்கூட்டியே உணரும் பழைய ஸ்டூடியோப் பயிற்சி கம்பியில்லாக் கருவிக்கும் அடித்தளம்.

1937-இல் ஜி.டி. நாயுடுவும் டி. பாலசுந்தரம் நாயுடுவும் மின்மோட்டார் செய்த ஊர் கோவை. ஆனால் இங்கே படப்பிடிப்புக்கு வரும் லென்ஸ் மோட்டார்கள் பெரும்பாலும் அமெரிக்கா, ஜெர்மனி, சீனா ஆகிய நாடுகளிலிருந்து வருகின்றன. கோவையின் பொறியியல் கல்லூரிகளும் காட்சித் தொடர்பியல் துறைகளும் சேர்ந்து ஜி.டி. நாயுடுவின் தூரச் சரிசெய்கருவியை வரைபடத்துடன் ஆவணப்படுத்த வேண்டும். பழைய ஃபோகஸ் உதவியாளர்களின் நேர்காணல்களையும் தாமதமின்றிப் பதிவுசெய்ய வேண்டும்.