மலைக்கு மூலப் பத்திரம் உண்டா?

போன மாசி மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை என் அக்கா மகன் மறைமலை நகரிலிருந்து செய்யூருக்கு வந்தான். கையில் வழவழப்பான ஒரு தாள். பச்சை மலை, நடுவில் ஓடை, ஓரத்தில் ஒரு யானை. "60 ஏக்கர், ஒரே பிளாக். கூடலூர் பக்கம். முதுமலை இருபது நிமிடம், ஊட்டி ஒன்றரை மணி நேரம். டிரெக்கிங், ஜீப் சவாரி, படகு, எல்லாம் கைக்கெட்டும் தூரம்" என்று போட்டிருந்தது. நண்பர்கள் ஆறு பேர் சேர்ந்து வாங்குவதாகத் திட்டம். இவன் பங்குக்கு அக்காவின் சவுக்குத் தோப்பை விற்றுவிடலாம் என்று முடிவு செய்திருந்தான். அட்வான்ஸ் இரண்டு லட்சம் கொடுத்தும் ஆகிவிட்டது. அதை என்னிடம் கடைசியில்தான் சொன்னான்.

"மாமா, நீங்க முப்பத்து மூணு வருஷம் பத்திர ஆபீஸ்ல இருந்தவரு. பேப்பரை ஒரு தடவை பார்த்துச் சொல்லுங்க" என்றான்.

பார்க்கிறேன், ஆனால் முதலில் மூலப் பத்திரம் எங்கே என்று கேட்டேன். சிரித்தான். "மலைக்கு ஏது மாமா மூலப் பத்திரம்? ஊட்டியையே வெள்ளைக்காரன் ஏக்கர் ஒரு ரூபாய்னு வாங்கினானாமே."

அந்தப் பேச்சு எனக்குள் ஏதோ ஒரு பழைய பெட்டியைத் திறந்துவிட்டது. அன்று அவனுக்குச் சொன்னதைத்தான் கொஞ்சம் ஒழுங்குபடுத்தி இங்கே எழுதுகிறேன்.

என்னைத் தொடர்ந்து படிப்பவர்களுக்குத் தெரியும், என் பள்ளிப் படிப்பு புதுச்சேரியில், பிரெஞ்சு வழியில். (அதனால்தான் சர்க்கார் உத்தியோகத்தில் சேர்ந்த பிறகு தமிழ்த் தேர்வு எழுதிப் பாஸ் செய்ய வேண்டியிருந்தது. அதுவரை என் கோப்புக் குறிப்புகளைப் பார்த்துத் தலைமை எழுத்தர் தலையில் அடித்துக்கொள்வார்.) எங்கள் ஆசிரியர் ஒருவர் எங்களைப் பொட்டானிக்கல் கார்டனுக்கு நடத்தி அழைத்துப் போய், மரத்தடியில் உட்கார வைத்து, லெஷனோ என்ற தாவர அறிஞரைப் பற்றிச் சொல்வார். முழுப் பெயர் லெஷனோ த லா தூர். பிரெஞ்சு அரசர் அனுப்பியவர். 1816-லிருந்து புதுச்சேரியைத் தலைமையிடமாக வைத்துக்கொண்டு செடி கொடிகளைச் சேகரித்தவர். 1819-ல் கோயம்புத்தூர் கலெக்டர் ஜான் சல்லிவனோடு நீலகிரி ஏறினார். காய்ச்சலில் துவண்டு போயிருந்த மனிதர், மேலே போன கொஞ்ச நாளில் எழுந்து நடமாடிவிட்டார். அந்த மலைக்காற்று நோயாளியை எழுப்புகிறது என்ற செய்தி சென்னை வரை பரவியது. என்னைக் கேட்டால், ஊட்டிக்கு முதல் விளம்பரத் தாள் நம்ம புதுச்சேரி ஆளின் உடம்புதான்.

சல்லிவன் சும்மா இருக்கவில்லை. முதலில் கோத்தகிரிக்குப் பக்கத்தில் திம்பட்டியில் ஒரு பங்களா. பிறகு 1822-ல் ஊட்டியில் ஒரு வீட்டுக்கு அடித்தளம் போட்டார். ஜனங்கள் அதைக் கல் பங்களா என்றார்கள். ஸ்டோன் ஹவுஸ் என்று இன்றைக்கும் பெயர். அரசு கலைக் கல்லூரி வளாகத்தில் இருக்கிறது, போனால் பார்க்கலாம். அதைக் கட்ட அவர் தோடர்களிடம் நிலம் வாங்கிய விலைதான் ஏக்கருக்கு ஒரு ரூபாய். பிறகு ஏரி வெட்டினார், உருளைக்கிழங்கும் சீமைக் காய்களும் பயிர் வைத்தார். அதெல்லாம் எல்லோரும் எழுதியதுதான், விட்டுவிடுகிறேன்.

என் கண் வேறு இடத்தில் நிற்கும். பத்திர ஆபீஸில் உட்கார்ந்தவனுக்கு முதல் கேள்வி, விற்பவருக்கு விற்க என்ன உரிமை என்பது. அடுத்தது, வாங்குபவர் யார். இந்தக் கிரயத்தில் வாங்குபவர் கலெக்டர். தீர்வை விதிப்பவரும் கலெக்டர். தகராறு வந்தால் விசாரிப்பவரும் கலெக்டர். எழுதிக் கொடுத்தவர்கள் எழுத்தே வைத்துக்கொள்ளாத ஜனம். எருமைக்கூட்டத்தை ஓட்டிக்கொண்டு பருவத்துக்கு ஒரு புல்வெளி என்று மந்துக்கு மந்து மாறிப் போகிறவர்கள். அவர்களுக்கு ஏக்கர் என்றால் என்ன என்று யார் அளந்து காட்டியிருப்பார்கள்?

ஆனாலும் சல்லிவனை ஒரேயடியாகத் திட்ட மனம் வரவில்லை. மற்றவர்கள் கேட்காமலே வேலி போட்டபோது, இந்த நிலம் தோடர்களுடையது, எடுத்தால் அவர்களுக்குப் பணம் கொடு என்று வருஷக்கணக்கில் அரசோடு மல்லுக்கு நின்றவர் அவர். படுகர்கள் தங்கள் விளைச்சலில் ஒரு பங்கைத் தோடர்களுக்குக் கொடுத்து வந்தார்களே, நிலத்துக்கு உடையவர் என்பதை ஒப்புக்கொள்ளாமல் யாராவது அப்படிக் கொடுப்பார்களா என்பது அவருடைய வாதம். நல்ல வாதம்தான். எதிர்ப்பக்கத்தில் கவர்னர் லஷிங்டன். ஊட்டியைப் பெரிய ஆரோக்கிய ஸ்தலமாக்க வேண்டும் என்று ஆசைப்பட்டவர். சல்லிவனே அங்கே ஏகப்பட்ட நிலம் வைத்திருக்கிறார், தன் பத்திரம் நிற்க வேண்டுமானால் தோடர்களுக்கு உரிமை இருந்துதானே ஆக வேண்டும் என்று விரோதிகள் பேசினார்கள். அதிலும் நியாயம் இல்லாமல் இல்லை. ஒரு மனிதனுக்குள் நியாய உணர்வும் சொந்த லாபமும் ஒரே வரியில் கையெழுத்துப் போடுவதை நான் ஆபீஸில் எத்தனையோ தடவை பார்த்திருக்கிறேன்.

முடிவு 1843-ல் லண்டனிலிருந்து, கம்பெனியின் டைரக்டர்களிடமிருந்து வந்தது. தோடர்களுக்கு நிலத்தின் மேல் முழு உடைமை கிடையாது, வழக்கமாக எருமை மேய்த்து வந்த உரிமை மட்டும் உண்டு. அவர்களுடைய மந்துகளிலும் கோயில் இடங்களிலும் யாரும் தலையிடக்கூடாது. இவ்வளவுதான். அதன்படி மந்து ஒன்றுக்கு 3 பல்லா பட்டா கொடுத்தார்கள். பல்லா என்பது அந்த மலையின் அளவு, 3 பல்லா என்றால் 11.46 ஏக்கர். 1863-ல் மேய்ச்சலுக்கு 9 பல்லாவும் காட்டுக்கு 2 பல்லாவும் சேர்த்துக் கொடுக்க உத்தரவானது.

நம்ம பக்கத்து பாஷையில் சொன்னால், தோடர்களின் மலை முழுவதும் மேய்க்கால் புறம்போக்கு ஆகிவிட்டது. நம் ஊர்களில் மேய்க்கால் புறம்போக்கில் மாடு விட்டவர்கள், "எங்க தாத்தா காலத்துலேர்ந்து எங்க நிலம்யா" என்று ஆபீஸுக்கு வந்து நிற்பார்கள். அடங்கலைத் திருப்பிக் காட்டி அனுப்பிவிடுவோம். நானும் அனுப்பியிருக்கிறேன்.

இதில் எனக்கு இன்றுவரை புரியாத கணக்கு ஒன்று உண்டு. தோடருக்கு உடைமையே இல்லை என்றால், அவரிடம் ஒரு ரூபாய் கொடுத்து வாங்கியவனுக்கு உடைமை எங்கிருந்து வந்தது? தன்னிடம் இல்லாததை ஒருவன் விற்க முடியாது. இது எங்கள் தொழிலின் அரிச்சுவடி. ஆனால் 1843-க்குப் பிறகு விற்றவரின் உரிமை சுருங்கியது, வாங்கியவர்களின் பங்களாக்கள் அப்படியே நின்றன. சல்லிவன் மட்டும் சந்தோஷமாகப் போகவில்லை. 1838-ல் மனைவியும் மகளும் அடுத்தடுத்து இறந்து ஊட்டி செயின்ட் ஸ்டீபன் சர்ச்சில் அடக்கமானார்கள். 1841-ல் அவர் ஊரைப் பார்க்கப் போய்விட்டார்.

மலை நிலம் எப்படிக் கைமாறும் என்பதற்குக் கேத்தியைப் பாருங்கள். ஊட்டிக்கும் குன்னூருக்கும் நடுவில் உள்ள அருமையான பள்ளத்தாக்கு. அங்கே லஷிங்டன் காலத்தில் சர்க்கார் ஒரு சோதனைப் பண்ணை வைத்தது. 1836-ல் மூடிவிட்டார்கள். மூடின பண்ணைக்கு அடுத்துக் குடிவந்தவர் யார் தெரியுமா? புதுச்சேரி கவர்னர் மார்க்கி த சேன் சிமோன்! கோடை வெயில் தாங்காமல் பிரெஞ்சு கவர்னர் இங்கிலீஷ்காரனிடம் வாடகைக்கு இருந்திருக்கிறார். நெப்போலியன் சண்டை முடிந்து இருபது வருஷம்தான் ஆகியிருந்தது. அங்கே யாரும் கவனிக்காமல் கிடந்த தேயிலைச் செடிகளைப் பார்த்து எடுத்து வளர்த்தவர் பெரொத்தே, இவரும் புதுச்சேரியின் தாவர அறிஞர்தான். அவருக்குப் பிறகுதான் நீலகிரித் தேயிலை என்ற பேச்சே. அடுத்து சென்னை கவர்னர் எல்பின்ஸ்டன் கேத்தியைக் குத்தகைக்கு எடுத்துப் பெரிய செலவில் வீடு கட்டினார். பிறகு அது ஓய்வு பெற்ற அதிகாரி காசமேஜர் கைக்கு வந்தது. 1849-ல் அவர் இறந்தபோது சொத்தில் பெரும்பகுதியை பாசல் மிஷனுக்கு எழுதி வைத்திருந்தார். பதினைந்து வருஷத்துக்குள் எத்தனை கை பாருங்கள். இந்த வரிசையில் ஒரு இடத்திலும் தோடர் பெயரோ படுகர் பெயரோ இல்லை.

இதையெல்லாம் சொல்லி முடிப்பதற்குள் அக்கா இரண்டு தடவை காபி கொண்டுவந்து விட்டாள். மருமகன் போனைப் பார்த்துக்கொண்டிருந்தான். "சரி மாமா, அது இருநூறு வருஷக் கதை. என் பேப்பரைப் பாருங்க" என்றான்.

பார்த்தேன். ஜெராக்ஸ் கட்டு கனமாக இருந்தது. வில்லங்கச் சான்றில் பதிமூன்று வருஷத்துக்குத்தான் விவரம். கிரயப் பத்திரம் என்று அவன் சொன்னது, நிதானமாகப் படித்தால், கைவசத்தையும் அதில் உள்ள மரம் மட்டைகளையும் விட்டுக் கொடுக்கும் ஒப்பந்தம். உள்ளே ஒரு பாராவில் "ஜென்ம பூமி" என்று இருந்தது. அந்த வார்த்தையைக் கண்டதும் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டேன்.

கூடலூர் 1877 வரை மலபாரைச் சேர்ந்த வயநாட்டில் இருந்தது. அதனால் அங்கே நம்ம ரயத்துவாரி கிடையாது, ஜென்மி முறை. பெரிய ஜென்மி நிலம்பூர் கோவிலகம். 1969-ல் தமிழ்நாடு அரசு கூடலூர் ஜென்ம எஸ்டேட்டுகளை ஒழிக்கச் சட்டம் போட்டது. 1972-ல் காடுகளைப் பொறுத்தவரை அது செல்லாது என்றது சுப்ரீம் கோர்ட். 1974-ல் பாராளுமன்றம் அரசியல் சட்டத்தைத் திருத்தி, இந்தச் சட்டத்தை ஒன்பதாவது அட்டவணையில் போட்டுக் காப்பாற்றியது. அந்த அட்டவணையில் போட்டுவிட்டால் கோர்ட் கேள்வி கேட்க முடியாதா என்ற வழக்கு 2007-ல் ஒன்பது நீதிபதிகள் அமர்வில் முடிந்தது. அடிப்படைக் கட்டமைப்பை மீறினால் கேட்கலாம் என்று தீர்ப்பு. சட்டக் கல்லூரிப் பிள்ளைகள் இன்று மனப்பாடம் செய்யும் கொயெல்ஹோ வழக்கு இந்தக் கூடலூர் நிலத்தில் பிறந்தது. நாடு முழுக்கக் காட்டை வெட்டுவதற்குக் கடிவாளம் போட்ட 1996 உத்தரவும் கோவிலகத்து கோதவர்மன் திருமுல்பாடு போட்ட வழக்கில் வந்ததுதான்.

போதாதென்று, தனியார் காடாக இருந்தால் 1949-ம் வருஷச் சட்டப்படி மாவட்டக் குழுவின் முன் அனுமதி இல்லாமல் விற்க முடியாது. விளம்பரத்தில் இருந்த யானையையும் விடக்கூடாது. மலைக்கு அந்தப் பக்கம் சீகூரில் யானை வழித்தடத்தில் கட்டிய ரிசார்ட்டுகளை 2018-ல் சீல் வைத்தார்கள். வழித்தடம் செல்லும் என்று 2020 அக்டோபரில் சுப்ரீம் கோர்ட் சொல்லிவிட்டது.

"அப்ப யாருக்குத்தான் மாமா சொந்தம்?" என்றான்.

"உனக்கு விற்கிறவருக்கு இல்லை. அது மட்டும் பேப்பரில் தெளிவாக இருக்கு" என்றேன்.

கோபித்துக்கொண்டு போனான். ஒரு மாதம் போன் இல்லை. அட்வான்ஸில் பாதி திரும்பி வந்தது, மீதிக்கு இன்னும் நடக்கிறான். சித்திரையில் வந்தபோது மலைப் பேச்சே எடுக்கவில்லை. சாப்பிட்டுவிட்டு என்னோடு தோப்புப் பக்கம் நடந்து வந்தான். சவுக்கு நாலு வருஷ மரம், இந்த வருஷம் வெட்டலாம். தோப்பின் மேற்கெல்லையில் ஒரு துண்டு மேய்க்கால் இருக்கிறது. வேலி அதற்குள் இரண்டு கஜம் போயிருப்பதை அவன்தான் முதலில் பார்த்தான்.

"மாமா, இந்த வேலி யார் போட்டது?" என்று கேட்டான்.

எங்க அப்பா போட்டது. நான் டேப் எடுத்து வரச் சொன்னேன்.