சுரிநாம்: ராணுவப் புரட்சி முதல் முதல் பெண் அதிபர் வரை – ஓர் அரசியல் வரலாறு

தென் அமெரிக்கக் கண்டத்தின் மிகச் சிறிய நாடான சுரிநாம், 1975-ஆம் ஆண்டு விடுதலை பெற்றது. அடுத்த ஐந்தாண்டுகளுக்குள் அங்கு ராணுவம் ஆட்சியைக் கைப்பற்றியது. அந்தப் புரட்சியை நடத்திய டெசி பௌட்டர்ஸே, பிற்காலத்தில் மக்கள் வாக்களித்த தேர்தல்கள் வழியாகவே இருமுறை அதிபரானார். அவரது ஆட்சிக்காலக் கொலைகளுக்கு நீதிமன்றம் இறுதித் தீர்ப்பு வழங்க 41 ஆண்டுகள் ஆயின. தேர்தல் வெற்றி கடந்தகாலக் குற்றத்தைத் துடைத்துவிடுமா என்ற கேள்வி, அரை நூற்றாண்டாக இந்நாட்டு அரசியலைத் தொடர்ந்து வந்துள்ளது.

நெதர்லாந்து ஆட்சியும் இந்தியர் வருகையும்

1667-ஆம் ஆண்டு ஏற்பட்ட பிரெடா உடன்படிக்கையின்படி சுரிநாம் டச்சுக்காரர்கள் வசமானது. இன்றைய நியூயார்க் அமைந்துள்ள பகுதி ஆங்கிலேயர்களிடம் இருந்தது. கரும்புத் தோட்டங்களில் ஆப்பிரிக்க அடிமைகளின் உழைப்பைக் கொண்டே காலனி வளர்ந்தது. 1863-ஆம் ஆண்டு ஜூலை 1-ஆம் தேதி அடிமைமுறை ஒழிக்கப்பட்டபோதிலும், விடுதலை பெற்றவர்களில் பெரும்பாலோர் மேலும் பத்தாண்டுகள் அரசின் கண்காணிப்பில் ஒப்பந்த அடிப்படையில் தோட்டங்களிலேயே உழைக்க வேண்டியிருந்தது.

அதன்பின் ஏற்படவிருந்த தொழிலாளர் பற்றாக்குறையை ஈடுசெய்ய, பிரிட்டனுடன் செய்துகொண்ட உடன்பாட்டின்படி இந்தியாவிலிருந்து ஒப்பந்தக் கூலிகள் வரவழைக்கப்பட்டனர். கொல்கத்தாவிலிருந்து புறப்பட்ட 'லல்லா ரூக்' என்னும் கப்பல் 1873 ஜூன் 5-ஆம் தேதி பராமரிபோவை அடைந்தது. 1916 வரை சுமார் 34,000 இந்தியர்கள் அங்கு சென்றனர். அவர்களில் பெரும்பாலோர் இன்றைய உத்தரப் பிரதேசம், பிகார் பகுதிகளைச் சேர்ந்தவர்கள். 1890 முதல் ஜாவா தீவினரும் வந்து சேர்ந்தனர்.

இன அடிப்படையில் பிறந்த கட்சிகள்

இரண்டாம் உலகப் போருக்குப் பின் அனைவருக்கும் வாக்குரிமை கிடைத்தபோது, கட்சிகளும் இன அடிப்படையில் உருவாயின. ஆப்பிரிக்க வம்சாவளியினரின் ஆதரவு சுரிநாம் தேசியக் கட்சிக்கும் (என்பிஎஸ்), இந்திய வம்சாவளியினரின் ஆதரவு விஎச்பி கட்சிக்கும் இருந்தது. ஜாவானியர்களும் தங்களுக்கென ஒரு கட்சியைக் கண்டனர்.

என்பிஎஸ் தலைவர் யோஹன் பெங்கெலும் விஎச்பி தலைவர் ஜகர்நாத் லக்மோனும் மோதலைத் தவிர்த்து அதிகாரத்தைப் பகிர்ந்துகொண்டனர். 'சகோதரத்துவ அரசியல்' என்று அழைக்கப்பட்ட இந்த ஏற்பாடு, பல இனங்கள் வாழும் சிறிய நாட்டில் அமைதியைக் காத்தது. 1954-இல் உள்நாட்டு விவகாரங்களில் சுரிநாம் தன்னாட்சி பெற்றது.

1973-இல் பிரதமரான ஹென்க் ஆரோன், முழு விடுதலை பெறப்போவதாக மறு ஆண்டே அறிவித்தார். சிறுபான்மையினரின் பாதுகாப்பு குறித்துக் கவலை தெரிவித்து லக்மோன் அதனை எதிர்த்தார். இறுதியில் சமரசம் ஏற்பட்டு, 1975 நவம்பர் 25-ஆம் தேதி சுரிநாம் குடியரசானது. எனினும் எதிர்காலம் குறித்த அச்சத்தால், விடுதலையை ஒட்டிய ஆண்டுகளில் மக்கள்தொகையில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கினர் நெதர்லாந்தில் குடியேறினர்.

சார்ஜென்ட்டுகளின் புரட்சி

1980 மார்ச் மாதம் தேர்தல் நடைபெறவிருந்த நிலையில், பிப்ரவரி 25-ஆம் தேதி பௌட்டர்ஸே தலைமையில் 16 சார்ஜென்ட்டுகள் ஆட்சியைக் கைப்பற்றினர். ராணுவத்தில் தொழிற்சங்கம் அமைக்க அனுமதி மறுக்கப்பட்டதே அவர்களது உடனடிக் குறையாக இருந்தது. ஊழலில் சலிப்புற்றிருந்த மக்களில் பலர் தொடக்கத்தில் புரட்சியை வரவேற்றனர்.

அந்த நம்பிக்கை நீடிக்கவில்லை. 1982 டிசம்பர் தொடக்கத்தில் ராணுவ ஆட்சியை விமர்சித்தவர்கள் வீடுகளிலிருந்து பிடித்துச் செல்லப்பட்டு, பராமரிபோவின் சீலாண்டியா கோட்டையில் அடைக்கப்பட்டனர். வழக்கறிஞர்கள், பத்திரிகையாளர்கள், பேராசிரியர்கள், ராணுவத்தினர் உள்ளிட்ட 15 பேர் அங்கு சுட்டுக் கொல்லப்பட்டனர். தொழிற்சங்கத் தலைவர் ஃபிரெட் டெர்பி மட்டும் உயிருடன் விடுவிக்கப்பட்டார். 'டிசம்பர் கொலைகள்' என்று அழைக்கப்படும் இச்சம்பவத்தைத் தொடர்ந்து நெதர்லாந்து தனது நிதியுதவியை நிறுத்தியது.

1986-இல் பௌட்டர்ஸேயின் முன்னாள் மெய்க்காவலர் ரோனி பிருன்ஸ்விக் தலைமையில் உள்நாட்டுப் போர் வெடித்தது. அடிமைத்தளையிலிருந்து தப்பிக் காடுகளில் வாழ்ந்த மரூன் மக்களின் வழித்தோன்றல் அவர். அவ்வாண்டு நவம்பர் 29-ஆம் தேதி மோய்வானா என்னும் மரூன் கிராமத்தில் பெண்கள், குழந்தைகள் உட்படக் குறைந்தது 39 பேரை ராணுவத்தினர் கொன்றனர். 1992-இல் ஏற்பட்ட உடன்பாட்டுடன் போர் முடிவுக்கு வந்தது.

இதற்கிடையே 1987-இல் புதிய அரசமைப்புச் சட்டம் நடைமுறைக்கு வந்து தேர்தல் நடைபெற்றது. இந்திய வம்சாவளியைச் சேர்ந்த ராம்சேவக் சங்கர் 1988-இல் அதிபரானார். 1990 டிசம்பர் 24-ஆம் தேதி ராணுவம் ஒரே தொலைபேசி அழைப்பில் அவரைப் பதவியிலிருந்து அகற்றியது. அடுத்த ஆண்டு தேர்தலில் வென்ற ரொனால்ட் வெனேசியான், ராணுவத்தை மெல்ல மெல்ல மக்களாட்சிக்குக் கட்டுப்படுத்தினார்.

குற்றவாளிக் கூண்டும் அதிபர் நாற்காலியும்

டிசம்பர் கொலைகள் வழக்கு காலவரம்பு முடிந்து காலாவதியாகச் சில வாரங்களே இருந்தபோது, கொல்லப்பட்டவர்களின் குடும்பத்தினர் நீதிமன்றத்தை நாடினர். 2000 அக்டோபர் இறுதியில் விசாரணை நடத்த உத்தரவு பிறப்பிக்கப்பட்டது. 2007-இல் விசாரணை தொடங்கியது. கொலைகளுக்கு அரசியல் ரீதியாகப் பொறுப்பேற்ற பௌட்டர்ஸே, அவற்றில் தமக்கு நேரடித் தொடர்பில்லை என்றார்.

விசாரணை நடந்துகொண்டிருந்தபோதே, 2010-இல் அவர் அதிபரானார். ஒருகாலத்தில் அவருக்கு எதிராக ஆயுதம் ஏந்திய பிருன்ஸ்விக்கின் கூட்டணியும் அவருக்கு ஆதரவளித்தது. 2012-இல் நாடாளுமன்றம் பொதுமன்னிப்புச் சட்டத்தை நிறைவேற்றியது. 2015 தேர்தலில் அவரது தேசிய ஜனநாயகக் கட்சி (என்டிபி) 51 இடங்களில் 26-ஐக் கைப்பற்றித் தனிப்பெரும்பான்மை பெற்றது. போரையும் கொலைகளையும் நேரில் அறியாத இளைய தலைமுறையினரிடமும் ஏழை மக்களிடமும் அவருக்கு இருந்த செல்வாக்கு இதற்குப் பெரிதும் உதவியது.

எனினும் நீதிமன்றம் பின்வாங்கவில்லை. 2016-இல் பொதுமன்னிப்பு புறந்தள்ளப்பட்டது. 2019 நவம்பர் 29-ஆம் தேதி, அதிபராக அவர் சீனாவில் பயணம் மேற்கொண்டிருந்த நேரத்தில் 20 ஆண்டுகள் சிறைத்தண்டனை விதிக்கப்பட்டது. 2023 டிசம்பர் 20-ஆம் தேதி மேல்முறையீட்டிலும் தண்டனை உறுதியானது. சிறைக்குச் செல்லாமல் தலைமறைவான பௌட்டர்ஸே, 2024 டிசம்பரில் 79-ஆவது வயதில் உயிரிழந்தார். தண்டனையில் ஒரு நாளைக்கூட அவர் சிறையில் கழிக்கவில்லை.

புதிய அதிபரும் எண்ணெய் வளமும்

2020-இல் அதிபரான விஎச்பி தலைவர் சந்திரிகாபெர்சாத் சந்தோகி, காவல்துறை அதிகாரியாக இருந்தபோது டிசம்பர் கொலைகள் குறித்துப் புலனாய்வு செய்தவர். சம்ஸ்கிருத மந்திரம் ஓதி அவர் பதவியேற்றது இந்தியாவில் கவனம் பெற்றது. பெரும் கடன் சுமையைச் சமாளிக்க அவரது அரசு மேற்கொண்ட சிக்கன நடவடிக்கைகள் மக்களிடையே அதிருப்தியை ஏற்படுத்தின. இந்தியர் வருகையின் 150-ஆம் ஆண்டு விழாவையொட்டி, 2023 ஜூனில் குடியரசுத் தலைவர் திரௌபதி முர்மு சுரிநாம் சென்றார்.

2025 மே 25-ஆம் தேதி நடைபெற்ற தேர்தலில் என்டிபி 18 இடங்களையும், விஎச்பி 17 இடங்களையும் பெற்றன. அதிபரைத் தேர்ந்தெடுக்க நாடாளுமன்றத்தில் மூன்றில் இரண்டு பங்கு ஆதரவு, அதாவது 34 உறுப்பினர்களின் ஆதரவு தேவை. ஆறு கட்சிகள் இணைந்து அந்த எண்ணிக்கையை எட்டியதால், என்டிபி தலைவரும் மருத்துவருமான ஜெனிஃபர் கீர்லிங்ஸ்-சைமன்ஸ் நாட்டின் முதல் பெண் அதிபரானார். பொதுமன்னிப்புச் சட்டம் நிறைவேறிய காலத்தில் நாடாளுமன்றத் தலைவராக இருந்தவரும் அவரே.

கடலடியில் கண்டறியப்பட்ட எண்ணெய் வளத்திலிருந்து 2028-இல் உற்பத்தி தொடங்கும் என எதிர்பார்க்கப்படுகிறது. பிரான்ஸின் டோட்டல்எனர்ஜிஸ் நிறுவனம் சுமார் 1,050 கோடி டாலர் முதலீட்டில் மேற்கொள்ளும் திட்டம் இது. அந்த வருவாயை எல்லா இனத்தவருக்கும் பயன்படும் வகையில் பகிர்வது, கூட்டணியின்றி ஆள முடியாத இந்நாட்டின் அடுத்த பெரும் சோதனையாக இருக்கும்.