திரும்பாத திரையும் திரும்பி வந்த ரயிலும்



தலைமன்னார் ரயிலில் திருக்கேதீஸ்வரம் நிலையத்தை நெருங்கும்போதெல்லாம் எங்களுக்கு ஒரு பழைய டீவி கேம் ஞாபகம் வரும். ஜன்னலுக்கு வெளியே பற்றையும் பனையும் வயலும் ஒரே பக்கமாக நகர்ந்து போகும். சூப்பர் மாரியோவிலும் அப்படித்தான். ஆள் வலப்பக்கம் ஓடுவான், ஊர் இடப்பக்கம் நகரும்.

1985 செப்டம்பர் 13 அன்று ஜப்பானின் நின்டெண்டோ நிறுவனம் இதை வெளியிட்டது. உருவாக்கியவர்களில் முதன்மையானவர் ஷிகெரு மியாமோட்டோ. 8 உலகங்கள், 32 கட்டங்கள். எல்லாம் வெறும் 40 கிலோபைட்டுக்குள் அடக்கம். இன்று நாம் வட்ஸ்அப்பில் அனுப்பும் ஒரு படம் இதைவிடப் பெரிது. இடம் போதாததால் மேகத்துக்கும் புதருக்கும் ஒரே உருவத்தையே பாவித்து, நிறத்தை மட்டும் மாற்றியிருந்தார்கள்.

எங்களில் பலர் இதை முதலில் கண்டது மன்னாரில் அல்ல, புத்தளத்தில். 1990 ஒக்டோபரில் வட மாகாண முஸ்லிம்கள் சொந்த மண்ணிலிருந்து வெளியேற்றப்பட்டோம். மன்னாரிலிருந்து பலர் வள்ளங்களில் கற்பிட்டிக்குப் போய்ச் சேர்ந்தார்கள். ஓலைக் கொட்டில், மாலை நேரப் பாடசாலை என்று நாட்கள் போயின. அந்த நாட்களில் யாராவது வசதியான வீட்டில் கெசட் போடும் டீவி கேம் இருந்தால், வாசலில் பத்துப் பிள்ளைகள் நிற்போம். ஒருவருடைய மாரியோ செத்தால்தான் அடுத்தவருக்கு முறை.

அந்தக் கெசட்டோடு விளக்கப் புத்தகம் எதுவும் வந்ததில்லை. வந்திருந்தாலும் எங்களுக்கு வாசிக்கத் தெரியாது. ஆனாலும் எல்லோருக்கும் விளையாட வந்தது. எப்படி என்று ஆசிரியர்களாகிய பிறகுதான் விளங்கியது. முதல் கட்டத்தில் மாரியோ இடப்பக்கம் நிற்பான், வலப்பக்கம் வெறுமையாக இருக்கும். அதனால் பிள்ளை தானாகவே வலப்பக்கம் நடக்கும். எதிரே ஒரு காளான் பூதம் வரும். மோதினால் சாவு, பாய்ந்தால் பிழைப்பு. பிறகு கேள்விக்குறிப் பெட்டியை முட்டினால் நல்ல காளான் ஒன்று வெளியே வரும். பயந்து விலகினாலும் அது குழாயில் முட்டித் திரும்பி நம்மிடமே வரும். தொட்டால் மாரியோ பெரியவனாவான். ஒரு நிமிடத்துக்குள் மூன்று பாடங்கள், ஒரு சொல்லும் இல்லாமல். எங்கள் பாடக்குறிப்புகளில்கூட இவ்வளவு ஒழுங்கு இருப்பதில்லை.

ஒரு விதி மட்டும் மனதை உறுத்தியது. கடந்து வந்த பக்கம் திரை திரும்பாது. இரண்டடி பின்னால் தவறவிட்ட காசைக்கூட எடுக்க முடியாது, திரையின் இட ஓரம் சுவர்போல மறிக்கும். கோட்டைக்குள் போனால், இளவரசி வேறு கோட்டையில் இருக்கிறாள் என்பார்கள். ஏழு தடவை அப்படித்தான். முகாம் பிள்ளைகளுக்கு அது புதிய செய்தியல்ல.

1988இல் வந்த மூன்றாவது மாரியோவில் அந்த விதியை ஆக்கியவர்களே மாற்றினார்கள். திரை பின்னாலும் நகர்ந்தது. எங்களுக்கு அதற்கு இன்னும் நீண்ட காலம் எடுத்தது. 1990இல் நின்றுபோன தலைமன்னார் ரயில் 2015 மார்ச்சில்தான் மறுபடி ஓடியது. திருக்கேதீஸ்வரத்தைச் சுற்றியிருந்த இந்துச் சகோதரர்களும் யுத்தத்தில் ஊரை விட்டுப் போனவர்களே. அவர்களும் திரும்பினார்கள், நாங்களும் திரும்பினோம். ஆனால் எல்லோரும் திரும்பவில்லை. காடாகிப்போன காணிகளும் புத்தளத்தில் வேரூன்றிய குடும்பங்களும் இருக்கின்றன.

புத்தளத்தில் பிறந்த பிள்ளைகள் "எங்கட ஊர் எது?" என்று கேட்கிறார்கள். இந்தக் கரைக்கு, பழைய மாந்தைத் துறைமுகத்துக்கு, ஆயிரம் வருடங்களுக்கு முன்பே மேற்காசியப் பாத்திரங்கள் வந்திறங்கியதை அகழ்வாய்வு காட்டியிருக்கிறது. ஆனால் 1990இல் எந்த ஒழுங்கையில் யார் வீடு இருந்தது என்பதை எந்த அகழ்வும் காட்டாது. அதைச் சொல்லக்கூடிய வாப்பாமாரும் உம்மாமாரும் ஒவ்வொருவராகக் குறைந்து வருகிறார்கள்.

இந்தக் கிழமையே அவர்களுக்குப் பக்கத்தில் உட்காருங்கள். ஒழுங்கை ஒழுங்கையாகக் கேட்டு எழுதிவையுங்கள். பக்கத்து வீட்டு இந்து, கிறிஸ்தவக் குடும்பங்களின் பெயர்களையும் சேர்த்தே எழுதுங்கள். நீங்கள் டீவி கேம் விளையாடியது யாருடைய வீட்டில் என்பதையும் கீழே சொல்லுங்கள்.