தேர்ச்சி ஏடும் நம் பிள்ளைகளும்

காலாண்டு, அரையாண்டு, முழு ஆண்டு என மூன்று முறை தேர்வு நடத்தி, பெற்ற மதிப்பெண்களை ஓர் அட்டையில் எழுதி, தந்தையின் கையொப்பம் பெற்று வருமாறு பிள்ளையிடமே கொடுத்தனுப்பும் வழக்கத்தை நம்மில் அறியாதார் இலர். ‘ரேங்க் கார்டு’ என்று ஊரிலும் சேரியிலும் ஒன்றுபோல் வழங்கிய அந்த அட்டைக்கு ஒரு நீண்ட வரலாறு உண்டு. அவ்வரலாற்றில் நம் மக்களுக்கும் ஓரிடம் உண்டு. கல்விக்கென்றே தோன்றிய நம் சங்கத்தின் வெள்ளி விழா மலரில் அதனை எழுதி வைப்பது பொருந்தும் எனக் கருதினேன்.

பழைய திண்ணைப் பள்ளிகளில் இன்றைய பொருளில் மதிப்பெண் என்பது இல்லை. மணலில் விரலால் எழுதிப் பழகிய பிள்ளை பின்னர் ஓலைக்கு உயர்ந்தான். அரிச்சுவடி முடித்தவன் எண்சுவடிக்குச் சென்றான். கையில் எந்தச் சுவடி இருக்கிறதோ அதுவே அவன் தேர்ச்சி. ஆயினும் வரிசைப்படுத்தும் வழக்கம் அங்கேயும் இருந்தது. அந்நாளில் சென்னை மாகாணத்தைச் சேர்ந்திருந்த பெல்லாரியின் கலெக்டர் காம்பெல் 1823இல் அனுப்பிய அறிக்கையில் இது விரிவாக உள்ளது. காலையில் முதலில் வரும் மாணவனின் உள்ளங்கையில் சரசுவதியின் பெயர் எழுதப்படும். இரண்டாமவன் கையில் சுழியம் எழுதப்படும், புகழுக்கும் உரியவன் அல்லன், பழிக்கும் உரியவன் அல்லன் என்பது அதன் பொருள். மூன்றாமவனுக்கு மெல்லிய ஓர் அடி; நான்காமவனுக்கு இரண்டு; பின் வருவோர்க்கு ஒவ்வோர் அடி கூடிக்கொண்டே போகும். உள்ளங்கையைப் பிடித்து எழுதுவதற்கு ஆசிரியர் அப்பிள்ளையைத் தொட்டாக வேண்டும் என்பதை மட்டும் இங்கே நினைவிற் கொள்க. நம் பிள்ளையின் கையில் பெயரும் இல்லை, சுழியமும் இல்லை.

ஆளுநர் தாமஸ் மன்றோ 1822இல் கலெக்டர்களிடம் பள்ளிக் கணக்குக் கேட்டார். 1826இல் தொகுத்தபோது மாகாணத்தில் 12,498 பள்ளிகள் என்று கண்டனர். கணக்குப் படிவத்தில் பிராமணர், வைசியர், சூத்திரர் ஆகியோருக்குப் பின் ‘ஏனைய சாதியார்’ என்றொரு கட்டம் இருந்தது. அக்கட்டத்திலுள்ள எண்ணைக் காட்டி, அக்காலத்தில் நம்மவரும் தடையின்றிக் கல்வி பெற்றனர் என்று எழுதுவோர் உளர். யார் யாரை அக்கட்டத்தில் அடக்கினர் என்பதைப் பெயர் சொல்லாத ஒரு கணக்கை வைத்து இவ்வளவு பெரிய முடிவுக்கு வருதல் தகாது என்பதே என் கருத்து.

மதிப்பெண் பள்ளியின் உயிர்நாடி ஆனது 19ஆம் நூற்றாண்டின் பிற்பாதியில்தான். காரணம் பணம். 1862இல் இங்கிலாந்தில் ராபர்ட் லோ என்பவர் ஒரு திட்டத்தை நடைமுறைக்குக் கொண்டு வந்தார். பள்ளிக்கு அரசு தரும் மானியம் ஒரு பிள்ளைக்கு 12 ஷில்லிங்; அதில் 4 ஷில்லிங் வருகைக்கு, 8 ஷில்லிங் தேர்ச்சிக்கு. படித்தல், எழுதுதல், கணக்கு ஆகிய மூன்றில் எதில் தவறினாலும் 2 ஷில்லிங் 8 பென்ஸ் கழிக்கப்படும். பிள்ளைகளை ஆறு ‘ஸ்டாண்டர்டு’களாக வகுத்து, ஆய்வாளர் ஆண்டுக்கொரு முறை நேரில் வந்து சோதித்தார். இம்முறை அந்தப் பத்தாண்டிலேயே சென்னை மாகாணத்திலும் புகுந்து, விளைவுக்கேற்ற மானியம் என்னும் பெயரில் வேரூன்றியது. வகுப்பை ‘மூன்றாம் ஸ்டாண்டர்டு, நான்காம் ஸ்டாண்டர்டு’ என்று நம் பாட்டனார் சொல்லி வந்தது இதன் எச்சமே. அச்சொல் முதலில் குறித்தது பிள்ளை அமரும் அறையை அன்று. மானியம் வாங்குவதற்குரிய படியை.

இதன் விளைவை எண்ணிப் பார்க்க வேண்டும். ஒரு பிள்ளை தேறினானா இல்லையா என்னும் செய்தி அவனுக்காகவோ அவன் தாய் தந்தையருக்காகவோ எழுதப்படவில்லை. பள்ளி நடத்துபவர்க்கு எத்தனை ரூபாய் சேரும் என்பதற்காக எழுதப்பட்டது. ஆகவே தேறக்கூடிய பிள்ளைகளையே ஆய்வாளர் முன் நிறுத்துவதும், பாடநூலை முதல் வரி முதல் கடைசி வரி வரை குருட்டுப் பாடமாய் ஒப்பிக்கச் செய்வதும் பெருகின. நடவுக்கும் அறுவடைக்கும் தாயுடன் வயலுக்குப் போகும் பண்ணையாள் வீட்டுப் பிள்ளை இக்கணக்கில் ஒரு நட்டம். அவனைச் சேர்த்துக்கொள்ளாமல் இருக்கச் சாதி ஒரு காரணமாய் ஏற்கெனவே இருந்தது. இப்போது காசும் ஒரு காரணமாயிற்று.

ஆனால் இதே ஏற்பாட்டில் எதிர்பாராத ஒரு கதவும் திறந்தது. செங்கற்பட்டு கலெக்டர் திரமென்கீர் 1891இல் பறையர் நிலை பற்றி எழுதிய அறிக்கைக்குப் பின்னர் ஏற்பட்ட விவாதத்தின் தொடர்ச்சியாக, 1893 பிப்ரவரி முதல் நாளில் சென்னை அரசு 68ஆம் எண் கல்வி ஆணையைப் பிறப்பித்தது. பஞ்சமர் கல்வியின் மகாசாசனம் என்று அதனை அக்காலத்தார் குறிப்பிட்டனர். ஆசிரியப் பயிற்சி பெறும் நம்மவர்க்கு உதவித்தொகை, நம் பிள்ளைகளுக்கெனத் தனிப் பள்ளிகள் என்பவற்றுடன், தேறும் பஞ்சமப் பிள்ளைக்குக் கூடுதல் விகிதத்தில் மானியம் என்பதும் அதில் இடம் பெற்றது. நேற்றுவரை நட்டக் கணக்காய் இருந்த பிள்ளை, ஏட்டளவிலேனும், மற்றப் பிள்ளையைவிட மிகுதியாய் வரவு தருபவன் ஆனான். மனம் மாறாத இடத்தில் மானியம் எவ்வளவு தூரம் செல்லும் என்பது வேறு கேள்வி.

அதற்கு அடுத்த ஆண்டு, 1894இல், கர்னல் ஆல்காட் அடையாற்றுப் பக்கம் நம் பிள்ளைகளுக்கு இலவசப் பள்ளி ஒன்றைத் தொடங்கினார். பண்டிதர் அயோத்திதாசர் போன்றோரின் தொடர்பும் துணையும் அவருக்கு இருந்தன. ஆல்காட் பள்ளிகள் பின்னர் பலவாயின. அங்கே பயின்ற பிள்ளைகள் அரசு ஆய்வாளர்முன் தேறிய கணக்கை ஆல்காட் உலகறிய எடுத்துக் காட்டினார். சேரிப் பிள்ளைக்கு மூளை மந்தம் என்று படித்தவர்களே கூசாமல் பேசிய காலம் அது. அப்பேச்சை வாதத்தால் வெல்ல முடியாத இடத்தில் ஆய்வாளரின் பதிவேடு வென்றது. நமக்கென மதிப்பெண் செய்த முதல் நன்மை இதுவே என்பேன். அந்த ஏட்டின் நோக்கம் நம் பிள்ளையின் உயர்வு அன்று. ஆயினும் அதில் அவன் பெயருக்கு நேரே ‘தேறினான்’ என்று எழுதியாக வேண்டியதாயிற்று.

பொதுப் பள்ளியில் நுழைந்த ஓரிருவரின் நிலையை இரட்டைமலை சீனிவாசனார் தம் வாழ்க்கைக் குறிப்பில் எழுதியுள்ளார். கோயம்புத்தூரில் அவர் பயின்ற பள்ளியில் ஏறக்குறைய 400 பேரில் பத்துப் பேர் ஒழிந்த மற்றையோர் பிராமணர். தம் குலம் தெரிந்துவிடுமோ என்னும் அச்சத்தால் பிற மாணவரோடு அவர் கூடிப் பழகவில்லை. மணியடித்ததும் வகுப்புக்குள் செல்வார், விட்டதும் யாரும் எட்டாதபடி வீட்டுக்கு விரைவார். வீடு எது, குடும்பம் எது என்பதையே மறைத்தாக வேண்டிய அப்பிள்ளையின் தேர்ச்சியைப் பள்ளி யாரிடம் சொல்லியிருக்கும்?

விளைவுக்கேற்ற மானிய முறை பொருந்தாது என்று கர்சன் அரசின் 1904ஆம் ஆண்டுக் கல்வித் தீர்மானம் தீர்ப்புக் கூறியது. மானியம் போயிற்று, தேர்வு நிலைத்தது. இனி ஒரு பிள்ளை தவறினால் பள்ளிக்கு இழப்பில்லை, பிள்ளைக்கே இழப்பு. தவறியவனை அதே வகுப்பில் மறுபடியும் உட்கார வைத்தனர். அவனோ இரண்டாம் ஆண்டில் மாடு மேய்க்கப் போய்விட்டான். 1929இல் வெளிவந்த ஹார்டாக் குழுவின் அறிக்கை இதற்குத் தேக்கம் என்றும் விரயம் என்றும் பெயரிட்டது. 1922-23இல் முதல் வகுப்பில் இருந்த 100 பேருக்கு, 1925-26இல் நான்காம் வகுப்பில் இருந்தவர் 18 பேரே என்று அது கணக்கிட்டது. இது எல்லாச் சாதியாரையும் சேர்த்த கணக்கு. நம் சேரியை மட்டும் தனியே எண்ணியிருந்தால் என்ன வந்திருக்கும் என்பதை வாசகர் கணிப்புக்கு விடுகிறேன்.

இனி அட்டைக்கு வருவோம். பெற்றோர்க்கு அறிவிப்பது என்னும் எண்ணம் இவ்வரலாற்றில் கடைசியாக வந்து சேர்ந்தது. அதுவும் எழுதப் படிக்கத் தெரிந்த பெற்றோரை நினைத்து வகுத்தது. நான் பயின்ற தொடக்கப் பள்ளியின் வருகைப் பதிவேட்டில் எங்கள் பெயர்கள் சிவப்பு மையில் இருந்தன. உதவித்தொகைக்கு அடையாளம் என்று காரணம் கூறினர். தேர்ச்சி அட்டையில் தவறிய பாடத்திற்கும் அதே சிவப்பு மைதான். அட்டையைப் புரட்டிப் பார்க்கும் என் தந்தையார் எழுத்தறியாதவர். ‘சிவப்பு இருக்கா?’ என்று மட்டும் கேட்பார். இல்லை என்றால் இடக்கைப் பெருவிரலை மையில் தோய்த்து வைப்பார். ஒரு முறை கணக்கில் 28 மதிப்பெண்ணைச் சிவப்பில் சுழித்திருந்தபோது, அது பெயரைப்போல் உதவித்தொகைக்கு இடும் அடையாளம் என்று பொய் கூறினேன். அவரும் நம்பி விரல் வைத்தார். ஐம்பது பேர் வகுப்பில் என் ஆசிரியர் அவரை ஒருநாளும் அழைத்துப் பேசியதில்லை. அவரும் பள்ளி வாயிலைத் தாண்டியதில்லை.

அண்மைக் காலத்தில் இம்முறை பலவாறாக மாறிவிட்டது. 2003இல் சென்னை மாநகராட்சிப் பள்ளிகள் சிலவற்றில் தொடங்கி 2007 முதல் தமிழகமெங்கும் பரவிய செயல்வழிக் கற்றலில், ஏணிப்படி ஒன்றில் தான் எந்தப் படியில் நிற்கிறோம் என்பதைப் பிள்ளையே கண்டுகொண்டான். ஒருவகையில் இது திண்ணைப் பள்ளியின் சுவடி வழக்கமே. திண்ணைக்கு வெளியே நின்றவனும் இப்போது ஏறினான். 2012-13 முதல் எட்டாம் வகுப்பு வரை மூன்று பருவ முறையும், தொடர்ச்சியான முழுமையான மதிப்பீடும் வந்தன. செயல்பாடுகளுக்கு 40, பருவத் தேர்வுக்கு 60 என்று பிரித்து, எண்ணுக்குப் பதில் தரக் குறியீடு இட்டனர். 2022இல் தொடங்கிய எண்ணும் எழுத்தும் திட்டத்தில் பிள்ளைகள் அரும்பு, மொட்டு, மலர் என்னும் நிலைகளில் பிரிக்கப்பட்டனர். பெயர் இனிமையானது, ஆனால் மூன்றாம் வகுப்பில் ஒரு பிள்ளை இன்னும் அரும்பாகவே இருந்தால், அதன் பொருளை அவன் தாய்க்கு எடுத்துச் சொல்வார் வேண்டும். 2019இல் ஐந்தாம் வகுப்புக்கும் எட்டாம் வகுப்புக்கும் பொதுத் தேர்வு என்று மாநில அரசு அறிவித்தது. எதிர்ப்புக் கிளம்பவே 2020 பிப்ரவரியில் அதனைக் கைவிட்டது. அவ்வெதிர்ப்பில் முன் நின்றோர் கூறியது, தவறியவன் வகுப்பில் தங்கமாட்டான், வேலைக்குப் போவான் என்பதே. 1929ஆம் ஆண்டு அறிக்கையைப் படித்தவர்க்கு அதில் புதுமை ஏதுமில்லை.

இவை எல்லாவற்றினும் நம் இளைஞர் ஊன்றிப் படிக்க வேண்டியது 2009ஆம் ஆண்டுக் கட்டாயக் கல்வி உரிமைச் சட்டத்தின் 24ஆம் பிரிவு. ஆசிரியர் பெற்றோரைத் தவறாமல் கூட்டி, பிள்ளையின் வருகை, கற்கும் திறன், கற்றலில் அடைந்துள்ள முன்னேற்றம் ஆகியவற்றை அவர்களுக்குத் தெரிவிக்க வேண்டும் என்பது அப்பிரிவு ஆசிரியர்க்கு விதிக்கும் கடமைகளுள் ஒன்று. அட்டை கொடுத்தனுப்பினால் கடமை தீர்ந்தது என்று அது கூறவில்லை. அதே சட்டத்தின் 21ஆம் பிரிவின்படி அமையும் பள்ளி மேலாண்மைக் குழுவில் நான்கில் மூன்று பங்கு பெற்றோர். நலிந்த பிரிவினர்க்கு அவர்தம் பிள்ளைகளின் அளவுக்கேற்ற இடம். பாதிப் பேர் பெண்கள். நம் குடியிருப்பிலிருந்து அக்குழுவுக்குப் பெயர் கொடுத்து, கூட்டத்திற்குச் செல்லாதவர் பலர்.

நம் சங்கத்தின் மாலை வகுப்புக்குப் பேரனை அழைத்துவரும் மூதாட்டி ஒருவர் சென்ற பருவத்தில் அட்டையை என்னிடம் நீட்டினார். படித்துச் சொன்னேன். தமிழில் நன்று, கணக்கில் பின்தங்கல். “கணக்குல எது வரல?” என்று கேட்டார். அட்டையில் அதற்கு விடை இல்லை. மறுநாள் காலை பள்ளிக்கே போய்க் கேட்டுவிட்டு வந்தார். கழித்தலில் கடன் வாங்குவதுதான் வரவில்லையாம்.