பரையா: ஆங்கிலத்தில் குடியேறிய ஒரு தமிழ்ச்சொல்

தமிழிலிருந்து ஆங்கிலத்துக்குச் சென்ற சொற்கள் எவை என்று கேட்டால் நம்மில் பலரும் ஒரு பட்டியலை உடனே ஒப்புவித்துவிடுவோம். கட்டுமரம் 'கேட்டமரன்' ஆனது. சுருட்டு 'ஷெரூட்' ஆனது. மிளகுத்தண்ணீர் 'மல்லிகடானி' ஆகி வெள்ளையர் உணவு மேசையில் சூப்பாக வந்து அமர்ந்தது. இவற்றைச் சொல்லும்போது உள்ளூர ஒரு பெருமிதம் எழுவதும் இயல்பே. ஆனால் அந்தப் பட்டியலில் நாம் பெரும்பாலும் சேர்க்காமல் விட்டுவிடும் சொல் ஒன்று உண்டு. 'பரையா' என்பது அச்சொல். உலக அரசியலைப் பேசும் ஆங்கில நாளிதழ்களைத் தொடர்ந்து படிப்பவர்கள் அதை அடிக்கடி கண்டிருப்பார்கள்.

ஊரும் உறவும் ஒதுக்கி வைத்த ஒருவர், எவரும் சேர்த்துக்கொள்ளாத ஒரு நாடு: இன்றைய ஆங்கிலத்தில் இதுவே அதன் பொருள். நிறவெறி ஆட்சிக்காலத்துத் தென்னாப்பிரிக்கா இவ்வாறு குறிக்கப்பட்டது. 2019 நவம்பரில் அமெரிக்க அதிபர் வேட்பாளருக்கான விவாதமொன்றில் ஜோ பைடன், சவூதி அரேபியாவை இந்நிலைக்குத் தள்ளப்போவதாகச் சொன்னார். 2022 ஜூலையில் அதிபராக அவர் ஜெத்தாவுக்குச் சென்றபோது, பழைய பேச்சை நினைவூட்டிய செய்திகளிலெல்லாம் மீண்டும் இதே சொல் இடம்பெற்றது. இந்தச் சொல்லுக்குப் பின்னால் தமிழகத்தில் உயிரோடு வாழும் இலட்சக்கணக்கான மக்களின் பெயர் இருக்கிறது என்பதை அச்செய்திகளைப் படித்தவர்களுள் எத்தனை பேர் எண்ணிப் பார்த்திருப்பார்கள்?

முதலில் சொல்லின் வேரைக் காண்போம். பறைதல் என்றால் சொல்லுதல், அறிவித்தல். மலையாளத்தில் இன்றும் 'பறயுக' என்பது பேசுவதைக் குறிக்கும் அன்றாடச் சொல்லாகவே இருக்கிறது. செய்தியை ஊருக்கு அறிவிக்கும் கருவி பறை. தொல்காப்பியம் ஒவ்வொரு நிலத்துக்கும் உரிய கருப்பொருள்களைச் சொல்லும்போது தெய்வம், உணவு, மரம், பறவை ஆகியவற்றோடு பறையையும் சேர்த்தே சொல்கிறது. குறிஞ்சிக்குத் தொண்டகம், முல்லைக்கு ஏறுகோட்பறை, நெய்தலுக்கு மீன்கோட்பறை என்று உரைகாரர்கள் விரிப்பர். ஆக, பறை இல்லாத நிலமே அன்றைய தமிழகத்தில் இல்லை எனலாம்.

அக்கருவியை இசைத்தவர் பறையர் என்பதே பெரும்பான்மை அறிஞர்களின் கருத்து. புறநானூற்றின் 335 ஆம் பாடல், சிறப்புடைய குடிகள் நான்கு என்று எண்ணுமிடத்தில் பாணரோடும் துடியரோடும் கடம்பரோடும் பறையரையும் வைத்துப் போற்றுகிறது. அப்பாடலில் இழிவின் சாயல் சிறிதும் இல்லை. ஆனால் பதினோராம் நூற்றாண்டின் தொடக்கத்தில், தஞ்சைப் பெரிய கோயிலில் முதலாம் இராசராசன் பொறித்த கல்வெட்டுகளில் 'பறைச்சேரி' தனியே குறிக்கப்படுகிறது. 'தீண்டாச்சேரி' என்ற சொல்லும் அதே கல்வெட்டுகளில் காணப்படுகிறது. இடைப்பட்ட நூற்றாண்டுகளில் நம் சமூகத்தில் என்ன நேர்ந்தது என்பதை இவ்விரு சான்றுகளுமே ஓரளவு சொல்லிவிடுகின்றன. ஐரோப்பியர் வந்து இழிவைக் கற்பிக்கவில்லை. அது இங்கே முன்பே இருந்தது. இதை ஒப்புக்கொண்டுதான் மேலே செல்ல வேண்டும்.

போர்த்துக்கீசியர் 1498 இல் மலபார்க் கரையில் இறங்கினர். 1516 ஆம் ஆண்டளவில் துவார்த்தே பார்போசா எழுதிய நூலிலேயே இப்பெயர் வந்துவிடுகிறது. எவரோடும் புழங்க இடமின்றி ஒதுக்கிவைக்கப்பட்ட மக்கள் என்று அவர் எழுதினார். 'பறையர்' என்ற பன்மை அவர்கள் நாவில் 'பரியா' ஆயிற்று. ஆங்கிலத்தில் இச்சொல் தலைகாட்டியது 1613 இல். அப்போதும், அதன் பின் இரண்டு நூற்றாண்டுகளும் அது ஒரு சாதியின் பெயராகவே இருந்தது. சமூகத்தால் ஒதுக்கப்பட்ட எவரையும் குறிக்கும் பொதுச்சொல்லாக அது மாறியது 1819 ஆம் ஆண்டளவில்தான்.

இம்மாற்றத்துக்கு வழி திறந்ததில் ஐரோப்பிய இலக்கியத்துக்குப் பெரும் பங்கு உண்டு. 1791 இல் பிரெஞ்சு எழுத்தாளர் பெர்னார்தென் தெ சேன்பியேர் 'இந்தியக் குடிசை' என்ற கதையை வெளியிட்டார். உண்மையைத் தேடி உலகெங்கும் அலையும் ஆங்கில அறிஞர் ஒருவர் பூரி ஜெகந்நாதத்தின் தலைமைப் பிராமணரிடமும் அதைப் பெறாமல் திரும்புகிறார். வழியில் புயலுக்கு ஒதுங்கிய குடிசையில், பறையர் ஒருவரிடம் அதைக் கண்டடைகிறார். அக்கதை ஐரோப்பாவெங்கும் பரவியது. 1821 இல் கசிமிர் தெலாவிஞ் 'பரியா' என்ற துன்பியல் நாடகத்தை எழுதினார். 1829 இல் தோனிசெத்தி அப்பெயரில் ஓர் இசைநாடகம் அமைத்தார். தெலாவிஞ்சின் நாடகத்தைக் கொண்டு போலந்து நாட்டு மோனியுஷ்கோ அமைத்த இசைநாடகம் 1869 இல் வார்சாவில் அரங்கேறியது.

இந்த வரிசையில் நமக்கு மிக நெருக்கமானது கெதே 1824 இல் வெளியிட்ட 'பரியா' என்ற மூன்று கவிதைகளின் தொகுதி. தலை மாறிப் பொருந்திய மாரியம்மன் கதைதான் அதன் கரு. பிரெஞ்சுப் பயணி சொன்னெரா 1782 இல் அச்சிட்ட பயண நூலில் அக்கதையை எழுதியிருந்தார். நம் ஊர்த் தெருக்கூத்தில் கேட்கக்கூடிய ஒரு கதை ஜெர்மானியப் பெருங்கவிஞரின் உள்ளத்தில் நாற்பதாண்டுக்காலம் தங்கியிருந்து கவிதையானது என்பது வியப்புக்குரிய செய்தி.

இவர்கள் எவரும் இழிவு செய்யும் நோக்கில் எழுதியவர்கள் அல்லர், பரிவோடுதான் எழுதினார்கள். ஆயினும் அப்பரிவினூடே ஒரு மக்களின் பெயர் அவர்களிடமிருந்து பிரிந்து, துயரத்தின் உவமையாக மாறிவிட்டது. 1838 இல் ஃபுளோரா திரிஸ்தான் என்ற பிரெஞ்சுப் பெண்மணி தம்மையே 'பரியா' என்று அழைத்துக்கொண்டு தம் பயண நூலை எழுதினார். சமூகவியலாளர் மாக்ஸ் வெபர் யூதர்களைப் 'பரியா மக்கள்' என்று வரையறுத்தார். 1944 இல் ஹன்னா ஆரென்ட், யூதருள் சிலர் அந்த நிலையையே தன்மானத்துடன் ஏற்று நின்றதை ஒரு மரபாகக் கண்டு கட்டுரை எழுதினார். பாரிசும் பெர்லினும் நியூயார்க்கும் இச்சொல்லைத் தமதாக்கிக்கொண்டன. சொல்லுக்கு உரியவர்கள் மட்டும் அந்த உரையாடலில் இல்லை.

1886 இல் யூலும் பர்னலும் தொகுத்த 'ஹாப்சன் ஜாப்சன்' அகராதியைப் புரட்டினால் இதன் மறுபக்கம் தெரியும். பறையர் தமிழகத்தின் பெருந்தொகையான சாதிகளுள் ஒன்று, சாதியற்றவர் என்று ஐரோப்பியர் கருதுவது பிழை என்று அந்நூல் சுட்டுகிறது. ஆனால் அதே நூலில் தெருநாய்க்கும், பருந்துக்கும், மட்டமான சாராயத்துக்கும் இப்பெயரை அடைமொழியாக்கிய வழக்குகளும் பதிவாகியுள்ளன. பிழை என்று தெரிந்தும் வழக்கு நிற்கவில்லை.

அப்படியானால் உரியவர்கள் என்ன சொன்னார்கள்? இங்கே இரண்டு குரல்கள் எழுந்தன. 1893 இல் இரட்டைமலை சீனிவாசன் ஓர் இதழ் தொடங்கி அதற்குப் 'பறையன்' என்றே பெயர் சூட்டினார். பெயரை மறைத்து வாழ்வது அச்சத்தின் அடையாளம், அதைத் தலைநிமிர்ந்து சொன்னால்தான் உரிமை கேட்க முடியும் என்பது அவர் நிலை. அயோத்திதாசப் பண்டிதரோ அப்பெயரையே ஏற்க மறுத்தார். எங்கள் முன்னோர் பௌத்தர்கள், பகைவர் இழிவுபடுத்தச் சூட்டிய பெயர் இது என்பது அவர் வாதம். 1907 இல் அவர் தொடங்கிய இதழுக்கு இட்ட பெயர் 'ஒரு பைசாத் தமிழன்'. இவ்விரண்டில் எது சரி என்று தீர்ப்புச் சொல்ல நாம் யார்? ஒரே காயத்துக்கு இருவர் கண்ட இருவேறு மருந்துகள் அவை.

அரசு ஏடுகளிலும் சொல்லின் கதை தொடர்ந்தது. செங்கல்பட்டு ஆட்சியர் திரமென்ஹீர் 1891 இல் இம்மக்களின் நிலைமை பற்றி எழுதிய அறிக்கையின் விளைவாக, 1892 இல் அவர்களுக்கு நிலம் ஒதுக்கும் ஆணை பிறந்தது. நாம் பஞ்சமி நிலம் என்று அறிவது அதைத்தான். 1922 இல் சென்னைச் சட்டமன்றத்தில் எம்.சி.ராஜா கொண்டுவந்த தீர்மானத்தின்படி, பழைய பெயர்கள் அரசு ஆவணங்களிலிருந்து நீக்கப்பட்டு ஆதிதிராவிடர் என்ற பெயர் இடம்பெற்றது.

இன்று இந்தியாவில் பட்டியல் சாதியைச் சேர்ந்த ஒருவரைப் பொதுவிடத்தில் சாதிப்பெயர் சொல்லி வசைபாடுவது தண்டனைக்குரிய குற்றம். 1989 ஆம் ஆண்டு வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தில் 2015 இல் செய்த திருத்தம் இதைத் தெளிவாகவே சொல்கிறது. தமிழ்த் தெருவில் வசையாக உச்சரித்தால் குற்றமாகும் ஒரு பெயர், ஆங்கிலத் தலைப்புச் செய்தியில் யார் மனத்தையும் உறுத்தாமல் கடந்து செல்கிறது. அகராதிகளிலிருந்து அதை அகற்றிவிட நம்மால் இயலாது. ஆனால் ஆங்கிலத்தில் எழுதும் தமிழர்களாகிய நாம் அதைத் தவிர்க்கலாம். ஒதுக்கப்பட்ட நிலையைச் சொல்ல ஆங்கிலத்திலேயே வேறு சொற்கள் இருக்கின்றன. அயலார் எவரேனும் பயன்படுத்தினால் அது எங்கிருந்து வந்தது என்று எடுத்துச் சொல்லலாம்.

பறையின் கதையோ வேறு திசையில் திரும்பியிருக்கிறது. சாவுக்கு மட்டுமே உரியதென்று ஒதுக்கப்பட்ட அக்கருவி இன்று கலைவிழாக்களிலும் போராட்டக் களங்களிலும் புலம்பெயர்ந்தோர் மேடைகளிலும் ஒலிக்கிறது. 2025 இல் பறையிசைக் கலைஞர் வேலு ஆசானுக்குப் பத்மஸ்ரீ விருது அறிவிக்கப்பட்டது. கருவிக்குக் கிடைக்கத் தொடங்கியிருக்கும் மரியாதை, அதன் பெயரைச் சுமக்கும் மக்களுக்கும் குறைவின்றிக் கிடைக்க வேண்டும். அதுவரை, நாம் பெருமையோடு ஒப்புவிக்கும் அந்தப் பட்டியலில் இச்சொல்லையும் சேர்த்தே சொல்வோம். பெருமைக்காக அன்று, மறவாமைக்காக.