விழுந்தெழும்பிப் பழகினால் போதாதா? மலைச் சைக்கிளும் பயிற்சிநெறியும்: ஒரு சிறு வரலாறு

"சைக்கிள் ஓடப் பழகிறதுக்கும் ஆராவது காசு குடுப்பினமோ?" மலைச் சைக்கிள் பயிற்சிநெறிகளைப் பற்றிக் கதைக்கத் தொடங்கினால் எங்கட ஆக்களிட்ட இருந்து முதல் வருகிற கேள்வி இதுதான். கேள்வி நியாயமானதுதான். எங்களில் பெரும்பாலானோர் பழகினது அப்பாவின்ர பெரிய சைக்கிளில், பாருக்குக் கீழால ஒரு காலை விட்டு, பின்னால ஒரு அண்ணாவோ மாமாவோ கரியரைப் பிடிச்சபடி ஓடிவர. பிடிச்சிருந்த கை எப்ப விட்டதென்று எங்களுக்குத் தெரியாது. முழங்காலில் தோல் உரிஞ்சால் அதுதான் கட்டணம்.

கனடா, இங்கிலாந்து, அமெரிக்கா போன்ற நாடுகளில் ஒரு நாள், இரண்டு நாள் மலைச் சைக்கிள் பயிற்சிநெறிகள் இப்போது ஒரு தனித் தொழிலாகவே நடக்கின்றன. ஒரு சோடி நல்ல ரயரின் விலைக்கு மேலேயே பலதுக்கும் கட்டணம் வரும். அந்தக் காசுக்கு அது பெறுமதியா? இதற்கு 'ஓம்', 'இல்லை' என்று ஒரு சொல்லில் பதில் சொல்லலாம். ஆனால் சைக்கிளின் வரலாற்றைப் பார்த்துவிட்டுச் சொன்னால் அந்தப் பதில் கொஞ்சம் வேற மாதிரி வருகிறது.

சைக்கிளும் பள்ளிக்கூடமும் ஒரே வயது

'சைக்கிளைத் தானாகத்தான் பழக வேணும்' என்ற எண்ணம் சைக்கிளை விட வயதில் இளையது. ஜேர்மனியின் மன்ஹைம் நகரில் கார்ல் ட்ரைஸ் தன்னுடைய இரண்டு சில்லு வண்டியை 1817 யூனில் ஓடிக்காட்டினார். அதற்குப் பெடல் இல்லை. காலால் நிலத்தை உந்தி உந்திப் போக வேண்டும். இரண்டு வருடத்துக்குள், 1819இல், லண்டனில் அதே மாதிரி வண்டியைச் செய்து விற்ற டெனிஸ் ஜோன்சன் விற்பனையோடு சேர்த்து ஓடப் பழக்குகிற இடத்தையும் நடத்தினார். ஓடத் தெரியாத சாமானை ஆர் வாங்குவினம்? கடையும் பள்ளிக்கூடமும் அப்போதே ஒன்றாகத்தான் பிறந்தன.

பெடல் பூட்டிய வண்டி 1860களில் பரிஸில் பரவியபோதும் இதே கதைதான். 1869இன் தொடக்கத்தில் அது லண்டனுக்கு வந்து இறங்கிய இடங்களில் ஒன்று சார்ள்ஸ் ஸ்பென்சரின் உடற்பயிற்சிக்கூடம். அமெரிக்காவிலும் அந்தக் காலத்தில் பெரிய மண்டபங்களை எடுத்து, மழைக்கும் வெயிலுக்கும் ஒதுங்கி, காசு வாங்கிக்கொண்டு ஓடப் பழக்கினார்கள். முன் சில்லு ஆள் உயரத்துக்கு நின்ற வண்டிகள் வந்த பிறகு நிலைமை இன்னும் மோசம்; அதில இருந்து விழுந்தால் தலைகீழாகத்தான் விழுவது. எழுத்தாளர் மார்க் ட்வெயின் 1884இல் அப்படியொரு வண்டியை வாங்கியபோது, பழக்க ஒரு ஆளையும் காசுக்கு அமர்த்தினார். அப்போது அவருக்கு 48 வயது.

பிறகு இரண்டு விஷயம் நடந்தது. 1885இல் ஜோன் கெம்ப் ஸ்டார்லி இரண்டு சில்லும் ஏறத்தாழ ஒரே அளவான 'ரோவர்' சைக்கிளைக் கொண்டுவந்தார். 1888இல் டன்லொப் காற்றடித்த ரயரைக் கொண்டுவந்தார். இருக்கை கீழே வந்தது, கால் நிலத்தில் முட்டியது, பயம் குறைந்தது. காலப்போக்கில் விலையும் இறங்கி, சைக்கிள் ஒவ்வொரு வீட்டுக்குள்ளும் வந்து சேர்ந்தது. பள்ளிக்கூடத்தின் வேலையை அண்ணனும் அப்பாவும் அயலட்டைப் பெடியளும் எடுத்துக்கொண்டார்கள். பழக்குதல் மறையவில்லை. அது இலவசமாகியது, அவ்வளவுதான்.

ஆனால் எல்லாருக்கும் இலவசமாகவில்லை. அமெரிக்கப் பெண்கள் இயக்கத் தலைவர்களில் ஒருவரான பிரான்சஸ் வில்லார்ட் 53 வயதில் சைக்கிள் பழகி, 1895இல் அதைப் பற்றியே ஒரு புத்தகம் எழுதினார். நாளுக்குக் கால் மணித்தியாலம் போல, கிட்டத்தட்ட மூன்று மாதம், ஆக்கள் பிடித்துப் பழக்க அவர் பழகினார். பெடியனுக்குத் தெரு இருந்தது, விழுந்தால் சிரித்துவிட்டுத் தூக்கிவிடக் கூட்டாளிகள் இருந்தார்கள். பெண்ணுக்கு அந்தத் தெரு இல்லை. அந்தப் பத்தாண்டில் நகரங்களில் பெண்கள் பழகுவதற்கென்று நடந்த வகுப்புகளின் அர்த்தம் இதுதான்: ஆரும் ஏளனம் செய்யாமல் விழுவதற்கு ஒரு இடம்.

விழாதவர் வென்றார்

மலைச் சைக்கிளின் கதை ஒரு பள்ளிக்கூடமும் இல்லாமல்தான் தொடங்குகிறது. 1970களில் கலிபோர்னியாவின் மரின் மாவட்டத்தில், தமால்பாய்ஸ் மலையைச் சுற்றியிருந்த சில இளைஞர்கள் 1930, 40களில் செய்த பழைய பாரமான ஷ்வின் சைக்கிள்களைத் தேடி எடுத்து, தடித்த ரயரோடு மலைப்பாதைகளில் இறக்கினார்கள். 1976 ஒக்ரோபர் 21 அன்று அவர்கள் தங்களுக்குள் ஒரு போட்டி வைத்தார்கள். பாதையின் நீளம் 3.4 கிலோமீற்றர் அளவு; இறக்கம் 400 மீற்றர் அளவு. பின்பக்கமாக மிதித்தால் பிடிக்கிற பழைய பிறேக் அந்த இறக்கத்தில் சூடேறி, உள்ளேயிருந்த கிறீஸ் புகையாகப் போய்விடும். ஒவ்வொரு தடவையும் கழற்றித் திரும்பக் கிறீஸ் அடைக்க வேணும். அந்த வேலையின் பெயரே அந்த இடத்துக்கும் போட்டிக்கும் நிலைத்தது: ரீபாக்.

முதல் போட்டியில் வென்றவர் அலன் பொண்ட்ஸ். அன்று விழாமல் கீழே வந்து சேர்ந்தவர் அவர் ஒருவர்தான் என்று அந்தக் கூட்டத்திலிருந்தவர்கள் சொல்லி வந்திருக்கிறார்கள். பிறகு கரி பிஷர் அதே இறக்கத்தை 4 நிமிடம் 22 செக்கனில் இறங்கினார்; அதுவே சாதனையாக நின்றது. அவருக்கு 2 செக்கன் பின்னால் ஜோ பிறீஸ். அதே ஜோ பிறீஸ் 1977இல் மலைக்கென்றே ஒரு சட்டகத்தைச் செய்தார். 1981இல் ஸ்பெஷலைஸ்ட் நிறுவனத்தின் ஸ்டம்ப்ஜம்பர் வந்து, மலைச் சைக்கிள் கடைச் சாமானாகியது. 1990இல் உலகச் சம்பியன் போட்டி, 1996இல் அட்லாண்டா ஒலிம்பிக். இருபது வருடத்தில் பழைய இரும்புச் சைக்கிள் ஒலிம்பிக் மட்டும் வந்துவிட்டது.

இந்தக் கதையைக் கேட்கிற ஆரும் சொல்லக்கூடியது: "பாருங்கோ, அவையள் ஒரு கோச்சும் இல்லாமல்தானே பழகினவை!" உண்மைதான். ஆனால் அவர்கள் தனியாகப் பழகவில்லை. ஒரே மலை, ஒரே பாதை, கிழமைக்குக் கிழமை அதே கூட்டாளிகள். முன்னால போகிறவன் எந்த வளைவில் எங்கே பிறேக் பிடிக்கிறான் என்று பின்னால வருகிறவன் பார்த்தான். நேரத்தை அளந்தார்கள், ஒப்பிட்டார்கள், சண்டைபிடித்தார்கள். பயிற்சிநெறி என்று பெயர் வைக்காத ஒரு பயிற்சிநெறிதான் அது.

அந்தக் கூட்டம் பெரும்பாலும் ஆம்பிளைப் பெடியள் கூட்டம். அதே மரினில் ஜக்கி ஃபெலன் என்ற வீராங்கனை 1980களில் பெண்களுக்கென்று ஒரு மலைச் சைக்கிள் சங்கத்தைத் தொடங்கி, கூட்டி வைத்துப் பழக்கினார். 1890களில் நடந்தது நூறு வருடத்தின் பின் திரும்பவும் நடந்தது. கூட்டாளிக் கூட்டத்துக்குள் ஆருக்கு இடமில்லையோ அவர்களுக்குத்தான் பள்ளிக்கூடம் முதலில் தேவைப்பட்டது.

தெரிந்தவனுக்குச் சொல்லத் தெரியாது

காசு கொடுத்துப் பழகுவதில் இன்னொரு நியாயமும் உண்டு. சைக்கிள் ஓடுகிறவர்களுக்குத் தாங்கள் எப்படி ஓடுகிறோம் என்று தெரியாது. விமானம் செய்வதற்கு முன் சைக்கிள் கடை வைத்திருந்த வில்பர் ரைட், இடப்பக்கம் திரும்ப என்ன செய்வீர்கள் என்று பலரிடம் கேட்டிருக்கிறார். முதல் தடவையிலேயே முழுவதும் சரியாகச் சொன்ன ஒருவரையும் காணவில்லையாம். உண்மையில் வேகமாகப் போகும்போது இடப்பக்கம் திரும்ப, முதலில் ஹான்டிலை ஒரு கணம் வலப்பக்கம் தட்டிவிடுகிறோம். அப்போதுதான் சைக்கிள் இடப்பக்கம் சரியும். எல்லாரும் செய்கிறோம், ஆருக்கும் செய்வது தெரிவதில்லை. மைக்கல் பொலானி என்ற சிந்தனையாளர் 1958இல் வெளிவந்த தன்னுடைய நூலில், சொல்லில் அடங்காத அறிவுக்கு சைக்கிளை உதாரணமாக எடுத்ததும் இதனால்தான்.

சமதரையில் இது பிரச்சினையில்லை. கல்லும் வேரும் இறக்கமும் வந்தால்தான் பிழையான பழக்கம் பிடிபடும். ஒரு உதாரணம் பார்ப்பம். "முன் பிறேக்கைப் பிடிக்காதை, குத்துக்கரணம் அடிப்பாய்" என்றுதான் எங்களில் கனபேருக்குச் சொல்லி வளர்த்தது. ஆனால் பிறேக் பிடிக்கும்போது பாரம் முன்னுக்கு வருவதால், நிற்பாட்டுகிற வலு கூடுதலாக முன் சில்லிலேதான் இருக்கிறது. இறக்கத்தில் பின் பிறேக்கை மட்டும் இறுக்கினால் பின் சில்லு இழுபட்டு வழுக்கும். கையை விறைப்பாக வைத்துக்கொண்டு முன் பிறேக்கைத் திடீரென்று இறுக்குவதுதான் ஆபத்து. ஒரு விரலால் மெதுவாக, குதிக்காலைக் கீழே அமுக்கி, வளைவுக்கு முன்னரே பிடித்துவிட்டு வளைவில் விடுவது என்பதை ஒரு நல்ல கோச் அரை மணித்தியாலத்தில் புல்தரையில் காட்டிவிடுவார். தானாகக் கண்டுபிடிக்க இரண்டு வருடமும் ஒரு முறிந்த கைமூட்டும் தேவைப்படலாம்.

அறிவும் பழசாகும். 1990களின் மலைச் சைக்கிள்களில் முன் சில்லு ஓடுகிறவரின் உடம்புக்குக் கிட்ட இருந்தது. ஆகவே செங்குத்தில் இருக்கைக்குப் பின்னால் போய்த் தொங்குவதுதான் அன்றைய பாடம். பிறகு முன்பக்கம் நீண்டது, முன் கவை சாய்ந்தது, பிறேக்கும் அதிர்வுதாங்கியும் மாறின. இன்றைய சைக்கிளில் அதே மாதிரிப் பின்னால் தொங்கினால் முன் சில்லில் பாரமில்லாமல் வளைவில் வழுக்கும். ஆகவே இருபது வருட அனுபவக்காரருக்கும் ஒரு நாள் பயிற்சிநெறி பிரயோசனப்படலாம். இருபது வருடம் முந்திப் பழகின கோச்சும் திரும்பப் படிக்க வேண்டியிருக்கும்.

அப்ப, காசு குடுக்கலாமோ?

எங்கட பதில் இது. பக்கத்தில் நல்லா ஓடக்கூடிய, பொறுமையாகப் பார்த்துச் சொல்லக்கூடிய கூட்டாளிகள் இருந்தால் தொடக்கத்தில் காசு தேவையில்லை. அப்படியொரு கூட்டம் இல்லாதவருக்கும், விழுந்த பயத்தில் நின்றுபோனவருக்கும், பல காலம் ஓடியும் ஒரே இடத்தில் நிற்பவருக்கும் அது பெறுமதியானது. புதுச் சில்லு, புதுக் கவை என்று செலவழிக்க முன்னர் இதற்குச் செலவழிக்கலாம்.

ஆனால் ஒரு நாளில் ஆரும் திறமைசாலி ஆவதில்லை. ஷே, மோர்கன் என்ற இரண்டு ஆய்வாளர்கள் 1979இல் ஒரு பரிசோதனை செய்தார்கள். ஒரே அசைவைத் தொடர்ந்து செய்து பழகியவர்கள் பழகும்போது நல்லாச் செய்தார்கள். வெவ்வேறு அசைவுகளைக் கலந்து பழகியவர்கள் பழகும்போது தடுமாறினார்கள். நாட்கள் கழித்துச் சோதித்தபோது கலந்து பழகியவர்களே முன்னுக்கு நின்றார்கள். அதாவது, பயிற்சி நாளின் பின்னேரம் வருகிற 'எனக்கு வந்திட்டுது' என்ற உணர்வை நம்பக்கூடாது. அந்த நாள் தருவது பழகவேண்டியவற்றின் பட்டியலைத்தான். பிறகு வருகிற கிழமைகளில் அதைச் செய்யாதவருக்குக் காசு வீண்.

கோச்சைத் தெரிவதற்கும் சில அடையாளங்கள் இருக்கு. முதலில் எங்களை ஓடவிட்டுப் பார்ப்பவர் நல்லவர். சமதரையில் தொடங்குபவர், ஆளுக்கு ஆள் வேறு வேறு திருத்தம் சொல்பவர், 'இதை இண்டைக்குச் செய்யாதை' என்று சொல்லத் தெரிந்தவர் நல்லவர். வந்த உடனே பாய விடுபவரிடமிருந்து சைக்கிளைத் திருப்பிக்கொண்டு வரலாம்.

இது வெள்ளைக்காரரின் பொழுதுபோக்குக் கதை மட்டும் என்று நாங்கள் நினைக்கவில்லை. 1991இல் தமிழ்நாட்டின் புதுக்கோட்டையில் தொடங்கிய அறிவொளி இயக்கம், எழுத்தோடு சேர்த்துப் பெண்களுக்குச் சைக்கிளும் பழக்கியது. மாவட்ட ஆட்சியர் ஷீலா ராணி சுங்கத் அதற்கு முன்னின்றார். சைக்கிள் வாங்க வங்கிக் கடனுக்கும் வழி செய்யப்பட்டது. கல்லுடைக்கிற பெண்கள், வயல் வேலை செய்கிற பெண்கள் ஆயிரமாயிரமாக ஓடப் பழகினார்கள். அதே காலத்தில் யாழ்ப்பாணத்தில் எரிபொருள் தடை. விறகு, நோயாளி, பாடசாலைப் பிள்ளை, முழுக் குடும்பம் எல்லாம் சைக்கிளிலேதான் போனது, பெண்களும் ஓடினார்கள். அங்கே பயிற்சிநெறி இல்லை, கரியரைப் பிடித்த கை இருந்தது.

'விழுந்தெழும்பித்தான் பழக வேணும்' என்று சொல்வது சுகம். எழுப்பிவிட ஆள் இருப்பவனுக்கே அந்தச் சொல் பொருந்தும். விழுந்தால் 'உனக்கேன் பிள்ளை இந்த வேலை' என்று கேட்கிற ஊரில், பழக்குவதற்கு ஒரு ஆளும் பழகுவதற்கு ஒரு இடமும் நேரமும் ஒதுக்குவது ஆடம்பரமில்லை. காசு குடுக்க வசதியில்லாத இடத்தில் நாங்கள் செய்யக்கூடியதும் இருக்கு. ஒரு பாடசாலை மைதானம், ஞாயிற்றுக்கிழமை விடியப்புறம், பிறேக் நல்லாப் பிடிக்கிற நாலு சைக்கிள். ஓடத் தெரிந்தவர்கள் தாங்கள் எப்படி ஓடுகிறோம் என்று ஒருக்கால் யோசித்துப் பார்த்துவிட்டு வந்தால் போதும்.